இசைத்தட்டில் மீண்டவர்களும் கொக்கிளாயின் குரலும்

1803 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படைத் தலைவன் டிரிபேர்க்கிடம் தோல்வி கண்டான். அந்தத் தோல்வியைக் குறிக்கும் கல்லை நாட்டியவர்கள் வென்றவர்கள். அதில் உள்ளதும் அவர்களுடைய எழுத்தே. தோற்ற பக்கத்தில் அன்று பாடப்பட்ட பாட்டு என்ன, அழுத ஒப்பாரி என்ன என்பதைச் சொல்லும் கல் எங்கும் இல்லை.

அதே 1803 ஆம் ஆண்டில், வன்னியிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ரஷ்யத் தலைநகரான சென் பீற்றர்ஸ்பேர்க்கில் ஜோன் பீல்ட் என்ற ஐரிஷ் இளைஞர் தனித்து வாழத் தொடங்கினார். அவரை அங்கு அழைத்துச் சென்றவர் அவருடைய ஆசிரியர் கிளமென்ட்டி. அவ்வாண்டில் ஆசிரியர் புறப்பட்டுவிட, மாணவர் தங்கிவிட்டார். பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக ஏழு பெரிய படைப்புகளை எழுதி, ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்று, 1837 இல் மொஸ்கோவில் இறந்தார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஏழு படைப்புகளையும் ஏறத்தாழ எவரும் வாசிக்கவில்லை.

இவ்விரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. மனிதர் பாடியதிலும் இசைத்ததிலும் எது எஞ்சுகிறது, எது அழிகிறது, அதைத் தீர்மானிப்பது யார்? கொக்கிளாயைப் பற்றி எண்ணும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையில், முகத்துவாரத்துக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையைப் பார்த்தபடி கிடக்கும் ஊர் அது. 1984 டிசம்பரில் அவ்வூரவர் வெளியேற்றப்பட்டார்கள். 2009 இல் போர் முடிந்து மேலும் சில ஆண்டுகள் சென்ற பின்னரே அவர்களால் திரும்ப முடிந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆளில்லாது போன ஓர் ஊரின் பாட்டு என்னவாகும் என்பதற்கு விடை காண, பீல்டின் தலைமுறைக்கு நேர்ந்ததை அறிந்துகொள்வது பயன்தரும். அக்கதை நமக்கு அதிகம் சொல்லப்படாதது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பியானோவும் இசைக்குழுவும் எதிரெதிராகவும் இணைந்தும் இசைக்கும் படைப்பைக் கொன்சேர்ட்டோ என்பார்கள். பெரும்பாலும் இசைக்குழு முதலில் பாடுபொருளை அறிமுகம் செய்யும். பிறகு தனிக்கலைஞர் நுழைந்து அதையே விரித்தும் அலங்கரித்தும் வாசிப்பார். ஓரிடத்தில் குழு முழுவதும் ஓய்ந்துவிட, அவர் தனியே தம் திறமையைக் காட்டுவதும் உண்டு. நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொண்டால் அந்த இடம் எளிதில் விளங்கும். மோசார்ட்டும் பீத்தோவனும் இவ்வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுசென்றார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறையே இக்கட்டுரையின் பொருள். ஏறத்தாழ 1810 முதல் 1845 வரையான காலம் அது. இசை வரலாற்றில் தொடக்க ரொமான்டிக் காலம் என்று இதனைச் சொல்வார்கள்.

அக்காலத்தில் பியானோவே மாறிக்கொண்டிருந்தது. 1821 இல் பாரிஸ் நகரின் எரார் நிறுவனம் ஒரே கட்டையை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் பொறியமைப்புக்கு உரிமம் பெற்றது. கருவியின் ஒலியும் பெருகிற்று. அரச மாளிகையை நம்பியிருந்த கலைஞர், நுழைவுச்சீட்டு வாங்கிவரும் பொதுமக்களை நம்பி ஊர் ஊராகப் பயணம் செய்யத் தொடங்கினார். போகும் ஊரில் தம்மை அறிமுகம் செய்துகொள்ளத் தாமே ஒரு கொன்சேர்ட்டோ எழுதிவைத்திருப்பார். உள்ளூர்க் குழுவோடு ஒத்திகை பார்க்க நேரம் குறைவு. ஆகவே குழுவின் பங்கு எளிதாகவும் பியானோவின் பங்கு கடினமாகவும் அமைந்தன. இக்கொன்சேர்ட்டோக்களில் இசைக்குழு மெலிந்திருக்கிறது என்று பிற்காலத்தவர் குறை சொன்னார்கள். அந்த மெலிவுக்குப் பின்னால் இப்படியான நடைமுறைக் காரணமும் இருந்தது.

அத்தலைமுறையின் தலைமகன் ஹம்மெல். 1778 இல் பிறந்தவர். சிறுவயதில் மோசார்ட்டின் வீட்டிலேயே தங்கிப் பயின்றவர். 1819 முதல் இறக்கும்வரை வைமார் அரசவையில் இசைத்தலைவர். பீத்தோவனின் மாணவர் ரீஸ், பிராக் நகரில் பிறந்த மொஷெலஸ், பாரிஸின் கால்க்பிரென்னர் ஆகியோர் அவருக்கு அடுத்த வரிசை. தம் காலத்தில் இவர்கள் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட பெயர்கள். போலந்திலிருந்து பாரிஸ் வந்து சேர்ந்த இளைஞன் ஷோப்பன் தம் இ மைனர் கொன்சேர்ட்டோவைக் கால்க்பிரென்னருக்கே காணிக்கையாக்கினார் என்றால் அன்றைய நிலை விளங்கும்.

அந்த ஷோப்பனின் இரு கொன்சேர்ட்டோக்களும் 1830 இல் வார்சோவில் அரங்கேறியவை. ஒக்டோபர் 11 ஆம் நாள் இ மைனர் கொன்சேர்ட்டோவை வாசித்து ஊராரிடம் விடைபெற்றார். நவம்பர் 2 ஆம் நாள் புறப்பட்டார். அம்மாத இறுதியில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சோவில் கிளர்ச்சி வெடித்தது. பிறகு அது ஒடுக்கப்பட்டது. புறப்பட்டபோது அவருக்கு வயது இருபது. 1849 இல் பாரிஸில் இறக்கும்வரை தாய்நாட்டு மண்ணை அவர் மிதிக்கவேயில்லை. இதனை வாசிக்கும் நம்மவர் பலருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இத்தனை புகழ் எப்படி மறைந்தது? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று எம் தொழிலைச் சார்ந்தது. 1834 இல் லைப்சிக் நகரில் ஷூமான் ஓர் இசைப் பத்திரிகையைத் தொடங்கினார். இசையமைப்பாளர் என்று நாம் அறியும் அவர் பத்து ஆண்டுகள் கூர்மையான பத்திரிகையாளராகவும் இருந்தார். வெறும் விரல் வித்தையைக் காட்டும் இசையை, குறிப்பாக ஹேர்ஸ் போன்றோரின் படைப்புகளை, அவர் இரக்கமின்றித் தாக்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால், பின்வந்தோர் அந்தத் தீர்ப்பை ஒரு தலைமுறை முழுவதற்குமே பொருத்திவிட்டார்கள். ஹம்மெலின் ஆழமும் பீல்டின் மென்மையும் ஹேர்ஸின் ஆரவாரத்தோடு சேர்த்தே மூட்டை கட்டப்பட்டன. பத்திரிகை எழுத்துக்கு உள்ள வலிமைக்கும் ஆபத்துக்கும் இது ஒருசேரச் சான்று.

தப்பிப் பிழைத்தவை நான்கைந்தே. வெபரின் கொன்சேர்ட்ஸ்டூக், மெண்டெல்சோனின் ஜி மைனர், ஷோப்பனின் இரண்டு, ஷூமானின் ஏ மைனர். இவற்றுள் வெபரின் படைப்பு 1821 ஜூன் 18 ஆம் நாள் காலையில் நிறைவுற்றது. அன்று மாலையே அவருடைய புகழ்பெற்ற இசைநாடகமான பிரைஷூட்ஸ் பெர்லினில் அரங்கேறியது. மெண்டெல்சோனின் ஜி மைனரோ சலிக்கச் சலிக்க வாசிக்கப்பட்டது. பாரிஸ் இசைக்கல்லூரித் தேர்வில் முப்பது மாணவர் அடுத்தடுத்து அதையே வாசித்ததால், பியானோ தானாகவே அதனை வாசிக்கத் தொடங்கி நிறுத்த மறுத்துவிட்டது என்று பெர்லியோஸ் ஒரு கேலிக்கதை எழுதினார். ஒன்று அளவுக்கு மிஞ்சி ஒலிக்க, நூறு முற்றாக அடங்கிப்போயின.

இசைத்தட்டு வந்தபோது இந்த ஏற்றத்தாழ்வு மேலும் இறுகிற்று. பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். நாற்பது நிமிடக் கொன்சேர்ட்டோவுக்கு ஐந்து தட்டுகள் வேண்டும். விலை அதிகம். பெயர்தெரியாத இசைக்கு அவ்வளவு பணத்தை முடக்க எந்த நிறுவனமும் துணியவில்லை. இடம் போதாமையால் ஷோப்பனின் நீண்ட இசைக்குழு முன்னுரையைக்கூட வெட்டிச் சுருக்குவது வழக்கமாயிருந்தது. அத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி இந்தியாவின் காடுகளிலிருந்தே சென்றது என்பது குறிப்பிடத்தக்கது. ஷோப்பனின் இசை இலண்டனில் பதிந்தது நம் பகுதியின் மரப்பூச்சி தந்த பிசினில்.

அந்த நாள்களின் சில தட்டுகள் விலைமதிப்பற்றவை. ஷூமானின் மனைவி கிளாரா தம் காலத்தின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவர். அவரிடம் நேரே பயின்ற பேனி டேவிஸ், 1928 இல், தம் அறுபத்தேழாம் வயதளவில், ஷூமானின் கொன்சேர்ட்டோவை இசைத்தட்டில் பதிந்தார். ஷோப்பனின் மாணவர் மிக்குலியிடம் கற்ற மொரிஸ் ரோசந்தால், 1930 - 31 இல் இ மைனர் கொன்சேர்ட்டோவைப் பதிந்தார். ஷோப்பனுக்கும் ரோசந்தாலுக்கும் இடையில் நிற்பவர் ஒரே ஒரு மனிதர். அவர்களை அன்று ஒலிவாங்கியின் முன் அமர்த்தியிராவிட்டால் அந்த வாசிப்பு முறை அவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். எழுதிய தாள் சுரத்தைக் காக்கும்; வாசிக்கும் விதத்தை, நெளிவை, மூச்சைக் காப்பது ஒலிப்பதிவு மட்டுமே.

மறந்துபோனவர்களுக்கு விடிவு 1948 இல் வந்த நீண்டநேர இசைத்தட்டோடு தொடங்கிற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் அடங்கியதால் செலவு குறைந்தது. பெரிய நிறுவனங்கள் அப்போதும் தெரிந்த பெயர்களையே சுற்றிவந்தன. துணிந்தவர்கள் சிறியவர்கள். 1945 இல் ஜோர்ஜ் மெண்டெல்சோன் என்பவர் நியூயோர்க்கில் தொடங்கிய வொக்ஸ் நிறுவனம், ஐரோப்பாவின் அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களைக் குறைந்த செலவில் அமர்த்தி, யாரும் தொடாதவற்றைப் பதிந்தது. போலந்தில் பிறந்து பிரேசில் சென்ற பெலிசியா புளூமெண்டால் ரீஸின் கொன்சேர்ட்டோவை வாசித்தார். மைக்கேல் பொன்ரி என்ற அமெரிக்கர் வொக்ஸ் தட்டுகளுக்காக அரிய கொன்சேர்ட்டோக்களை வரிசையாக வாசித்துத் தள்ளினார். மொஷெலஸின் ஜி மைனரும், கிளாரா தம் பதினாறாம் வயதில் 1835 இல் மெண்டெல்சோன் இசைக்குழுவை நடத்த அரங்கேற்றிய கொன்சேர்ட்டோவும் அவற்றுள் அடங்கும். ஒத்திகை போதாது, குழு தடுமாறும், பதிவும் தெளிவற்றது. ஆயினும் அந்தத் தட்டுகள் இல்லாதிருந்தால் இந்த இசை இருப்பதே வெளியில் தெரிந்திராது. செம்மையாகச் செய்யும் நாள் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

1968 இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸில், பட்லர் பல்கலைக்கழகத்தில், பிராங்க் கூப்பர் என்பவர் மறக்கப்பட்ட ரொமான்டிக் இசைக்கென்றே ஒரு விழாவைத் தொடங்கினார். 1980களின் நடுப்பகுதியில் ஸ்டீபன் ஹவ் என்ற இளைஞர் ஹம்மெலின் ஏ மைனர், பி மைனர் கொன்சேர்ட்டோக்களை ஷாண்டோஸ் நிறுவனத்துக்காகப் பதிந்தார். 1987 இல் கிராமபோன் சஞ்சிகையின் விருது அதற்குக் கிடைத்தது. இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆன ஹம்மெல் அந்த ஆண்டில் மீண்டும் எழுந்தார் என்றே சொல்லலாம்.

அடுத்த பெரும் பாய்ச்சலைச் செய்தவர் டெட் பெரி. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டே 1980 இல் ஹைபீரியன் என்ற நிறுவனத்தை இலண்டனில் தொடங்கியவர். 1991 இல் அந்நிறுவனம் ரொமான்டிக் பியானோ கொன்சேர்ட்டோ என்ற வரிசையை ஆரம்பித்தது. டெட் பெரி 2003 இல் மறைந்தார். வரிசை தொடர்ந்து எண்பது தொகுதிகளைத் தாண்டிற்று. 2023 இல் ஹைபீரியனை யுனிவர்சல் குழுமம் வாங்கிக்கொண்டது. மொஷெலஸ், கால்க்பிரென்னர், ஹேர்ஸ் ஆகியோரின் கொன்சேர்ட்டோக்களை இவ்வரிசையில் வாசித்தவர் ஹவார்ட் ஷெல்லி. உடன் வாசித்தது அவுஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தஸ்மானியாவின் இசைக்குழு. பாரிஸும் இலண்டனும் கைவிட்ட இசையை உலகின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு தீவு மீட்டுத்தந்தது. பீல்டின் ஏழு கொன்சேர்ட்டோக்களையும் அயர்லாந்தின் மிஹோல் ஓ ரூர்க் வாசித்தார். ரீஸின் எட்டையும் நக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்டது.

இந்தத் தட்டுகள் வந்தபின் வரலாறே வேறாகத் தோன்றுகிறது. ஷோப்பன் வானத்திலிருந்து விழுந்தவரல்லர். ஹம்மெலின் ஏ மைனரைக் கேட்டுவிட்டு உடனே ஷோப்பனின் இ மைனரைக் கேட்டால், பின்னவர் எந்த வாசலால் நுழைந்தார் என்பது எவர் செவிக்கும் புலப்படும். நொக்டேர்ன் என்ற இரவிசை வடிவத்தைப் படைத்தவரே பீல்ட்தான். ஹம்மெலையும் பீல்டையும் ஷோப்பன் தம் மாணவருக்குப் பாடமாக வைத்தார். நூல்கள் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால், கேட்டாலன்றி இசை விளங்காது.

இங்கே ஓர் எச்சரிக்கைக் கதையும் சொல்ல வேண்டும். ருமேனியாவின் டினு லிபாட்டி 1950 இல், முப்பத்துமூன்றே வயதில், இறந்த பெருங்கலைஞர். 1960களில் அவர் வாசித்த ஷோப்பனின் இ மைனர் என்று ஒரு தட்டு வெளியாயிற்று. உலகம் உருகிக் கேட்டது. விமரிசகர்கள் வியந்து எழுதினார்கள். 1981 இல் உண்மை வெளிப்பட்டது. அது லிபாட்டி அல்லர். போலந்தின் ஹலினா செர்னி ஸ்டெபான்ஸ்கா பிராக் நகர இசைக்குழுவோடு வாசித்து முன்னரே வெளியான பதிவு. லிபாட்டி 1950 பெப்ரவரியில் சூரிச்சில் வாசித்த உண்மையான பதிவு பின்னர் கிடைத்து வெளியாயிற்று. பெயரும் இடமும் நாளும் குறிக்கப்படாத ஓர் ஒலிநாடாவே இத்தனை குழப்பத்துக்கும் மூலம். வாசித்த பெண்ணின் புகழை இறந்த ஆணொருவரின் பெயர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்துக்கு வருவோம். ஹம்மெலுக்கு மூன்று ஆண்டு மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர். 1775 இல் பிறந்து 1835 இல் மறைந்தார். சென்னைக் கோட்டையின் ஆங்கில வாத்தியக்குழு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றி, நோட்டு சுரங்கள் என்ற புது வகையையே தந்தவர். அவர் எதையும் அச்சில் விட்டுச்செல்லவில்லை. பாடம் சீடர் வாயிலாகவே வந்தது. அது சிதையும் நிலைக்கு வந்தபோது ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவத் தமிழர், தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டு, நம் இசையை மேலைச் சுரக்குறியீட்டில் அச்சிடத் தொடங்கினார். தீட்சிதர் மரபின் வாரிசான சுப்பராம தீட்சிதரை எழுதத் தூண்டியவரும் அவரே. அதன் பயனாக, எட்டயபுரம் அரசரின் ஆதரவில், 1904 இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளியாயிற்று. இருநூற்றுக்கும் மேற்பட்ட தீட்சிதர் கிருதிகள் அதில் சுரத்தோடு உள்ளன. இரண்டு ஆண்டுகளில் சுப்பராம தீட்சிதர் இறந்தார். சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹம்மெலுக்கும் பீல்டுக்கும் அச்சிட்ட தாள் இருந்தது. நூலகத்து அலமாரியில் அது நூற்றைம்பது ஆண்டுகள் தூங்கிற்று. தட்டி எழுப்பியதும் எழுந்தது. தீட்சிதருக்குக் கடைசி நேரத்தில் ஒரு முதலியார் கிடைத்தார். கொக்கிளாய்க்கு என்ன இருந்தது? கரைவலை இழுப்போர் பாடிய அம்பா இருந்தது. முல்லைமோடி என்று பெயர்பெற்ற கோவலன் கூத்து இப்பகுதிக்கே உரியது. வன்னியின் பன்றிப்பள்ளும் குருவிப்பள்ளும் அரிவுவெட்டுப் பாட்டும் வேலப்பணிக்கன் ஒப்பாரியும் இருந்தன. இவற்றுட் சிலவற்றின் சொற்கள் அச்சில் வந்தும் உள்ளன. ஆனால் மெட்டு அச்சில் இல்லை. கொக்கிளாயில் எந்த அடியை இழுத்தார்கள், எந்த இடத்தில் வலையோடு சேர்த்து மூச்சை விட்டார்கள் என்பதை எந்த ஏடும் சொல்லாது.

இவை தனியொருவர் அறையில் அமர்ந்து வாசிப்பவையும் அல்ல. அம்பாவுக்கு வலை வேண்டும், இழுக்கும் ஆட்கள் வேண்டும். கூத்துக்கு அண்ணாவியார் வேண்டும், மத்தளம் வேண்டும், விடியவிடிய இருக்கும் ஊர் வேண்டும். 1984 இல் கலைக்கப்பட்டது அந்தக் கூட்டமே. ஒரு குடும்பம் முல்லைத்தீவில், ஒன்று வவுனியாவில், ஒன்று தமிழக முகாமில், ஒன்று கனடாவில் என்றானபின் பாட்டைத் தொடங்குவோர் ஓரிடத்திலும் அதற்கு ஒத்துப்பாடுவோர் வேறிடத்திலும் ஆனார்கள். 2009 வரை நீண்ட இடப்பெயர்வுகளில் கையிலிருந்த கூத்துக் கொப்பிகளும் போயின. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், அது சரியே. கொக்கிளாயில் அழிந்ததற்கு நூற்பட்டியல் இல்லாததால் நினைவுநாளும் இல்லை.

1984 இல் இருபது வயதாயிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பழைய கொக்கிளாயில் வளர்ந்து, வலை இழுத்து, கூத்தாடிய கடைசித் தலைமுறை அது. பேனி டேவிஸ் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த வயதில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். அவர் பதிவதற்கு ஒரு நிறுவனமும் ஓர் இசைக்குழுவும் வேண்டியிருந்தன. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கைபேசியாகக் கிடக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சேடுகளோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக் காத்துவருகிறது. வசதி இல்லை என்று சொல்ல இனி இடமில்லை.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை எளியவை. குரல் நடுங்குகிறது, அடி மறந்துவிட்டது என்று ஒத்திப்போட வேண்டாம். வொக்ஸ் தட்டுகள் அப்படித்தான் இருந்தன. நல்ல பாட்டு எது, கெட்ட பாட்டு எது என்று இப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஷூமானின் தீர்ப்பு ஹம்மெலை நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்தள்ளியது. பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவர் தம் பெயரையும், பிறந்த ஊரையும், யாரிடம் கேட்டுப் பழகினார் என்பதையும், அன்றைய திகதியையும் சொல்லட்டும். லிபாட்டி தட்டின் குழப்பம் நமக்கு வேண்டாம். ஒரு பிரதி ஊரிலும் ஒரு பிரதி கடல்கடந்தும் இருக்கட்டும். ஒரே இடத்தில் வைத்ததன் விலையை நாம் யாழ்ப்பாணத்தில் கொடுத்தவர்கள்.

ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இலண்டனிலோ இதனை வாசிக்கும் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பிள்ளைகள் இந்த வார இறுதியில் தத்தம் அம்மம்மாவிடமோ பெரியப்பாவிடமோ ஒரேயொரு பாட்டைக் கேட்டுப் பதிந்தால் போதும். பாட்டு நினைவில் இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். கரைவலையைப் பற்றிப் பேச விட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள்.